சாக்ஸபோன் ஏன் மண்ணைப் பார்ப்பதில்லை

அந்தக் காலத்தில் வாத்தியங்களுக்குச் சொந்தமாக மூச்சு இருந்தது. ஊத ஓர் ஆள் வேண்டாம், பிடிக்க ஒரு கை வேண்டாம். தாமே ஊதின, தாமே பேசின. பேச்சு இருந்ததால் சண்டைக்கும் குறைவில்லை. ஆற்றின் இந்தக் கரையில் மரவீதி. நாகசுரம், புல்லாங்குழல், கிளாரினெட் எல்லாம் அங்கே குடியிருந்தன. எதிர்க்கரையில் பித்தளை வீதி. கொம்பு, எக்காளம், தாரை எல்லாம் அங்கே. இரண்டு வீதிக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, ஆற்று மேட்டில் பாத்திரம் வார்க்கும் மாசிலாமணிக் கன்னாரின் உலை.

தேரோட்டத்தன்று எந்த வீதியின் வரிசையிலும் இடம் கிடைக்காத வாத்தியம் அந்த உலைக்குள் போக வேண்டும் என்பது சட்டம். மரமாக இருந்தால் சாம்பல், பித்தளையாக இருந்தால் அண்டா. வீதி இல்லாததற்கு வாய் எதற்கு என்று பெரிய மனிதர்கள் கூடி முடிவு பண்ணிய சட்டம் அது. பெரிய மனிதர்கள் கூடினால் வேறு என்ன வரும்?

இப்படிப்பட்ட ஊரில்தான் கிளாரினெட்டின் தங்கை ஒரு கொம்பைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு வீதியும் கதவைச் சாத்திக்கொண்டன. அவர்கள் ஆற்று மணலில் குடிசை போட்டுக் குடித்தனம் நடத்தினார்கள். அவர்களுக்குப் பிறந்தவள்தான் சாக்ஸபோன். உடம்பு அப்பாவைப் போலப் பித்தளை, நிற்பது அம்மாவைப் போல நெட்டுக்குத்தாக. அப்போது அவளுக்கு வளைவு என்பதே கிடையாது. மேலே சிறுத்து, போகப் போகப் பெருத்து, அடியில் அகலமாய் மண்ணைப் பார்த்துத் திறந்த குழல். ஆனால் வாயில் நாக்கு இல்லை. முனகத்தான் தெரியும்.

ஒரு மழைக்காலத்தில் ஆறு குடிசையைத் தேடி வந்தது. தண்ணீர் கழுத்துக்கு ஏறியபோது, "இதை மட்டும் விட்டுடாதடி" என்று சொல்லிவிட்டு, அம்மா தன் நாணல் நாக்கைக் கழற்றி மகளின் வாயில் வைத்து அழுத்தினாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் நாக்கு இல்லை. விடிந்தபோது குடிசையும் இல்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை. சாக்ஸபோன் மட்டும் மணலில் குத்தி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் முதலில் பித்தளை வீதிக்குப் போனாள். எக்காளம் அவள் வாயைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தது. "வாய்ல புல்லை வச்சுக்கிட்டு இங்க என்ன வேலை? எங்க வீட்ல யாரும் புல்லு திங்கிறதில்ல. அந்தக் கரைக்குப் போ."

அந்தக் கரைக்குப் போனாள். மரவீதியின் தலைவர் நாகசுரம் அவள் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டினார். டங்கென்று ஒரு சத்தம் வந்தது.

"கேட்டீங்களா? அண்டாச் சத்தம். பிறக்கும்போதே அண்டாதான், கன்னாருக்கு வேலை மிச்சம்" என்றார். வீதியே சிரித்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கறுப்பாக, மெலிவாக, மடிப்புக் கலையாத ஒருவர் முன்னால் வந்தார். தாய்மாமன் கிளாரினெட். தங்கை கல்யாணத்துக்குப் போகாதவர், தங்கை செத்த செய்தி கேட்டு மூன்று வேளையும் சாப்பிடாதவர்.

"அந்த வாய் என் தங்கச்சி வாய்" என்றார் அவர். "உடம்பை மன்னிச்சிடுங்க பெரியவரே. தேர் நாளுக்குள்ள இவளை என்னை மாதிரியே ஊத வைக்கிறேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா, ஊதுறது நானா அவளான்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா?"

எல்லோரும் ஆற்று மேட்டில் எழுந்த புகையைப் பார்த்தார்கள்.

உடம்பை மன்னிச்சிடுங்க என்று மாமா சொன்னது சாக்ஸபோனுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த உடம்பு அவள் அப்பா கொடுத்தது. ஆனாலும் உயிர்மேல் ஆசை யாருக்கு இல்லை? பல்லைக் கடித்துக்கொண்டு மாமாவின் பின்னால் போனாள்.

மறுநாள் காலையிலிருந்து பாடம். "உதட்டை இறுக்கு. தாடையைத் தூக்கு. இன்னும் இறுக்கு" என்றார் மாமா. அவருக்கு அது சரியாக இருந்தது. இறுக்க இறுக்க அவர் குரல் தேனாக இறங்கியது. அவளுக்கோ இறுக்க இறுக்கக் குரல் மெலிந்து, காதோரம் வந்த கொசுவாக ஆனது. மேல் ஸ்வரங்கள் சுருதியை விட்டு ஏறிக்கொண்டன. கீழ் ஸட்ஜத்தைப் பிடித்தால் நிற்காது, வழுக்கி மேல் ஸட்ஜத்துக்குத் தாவிவிடும். இல்லையென்றால் தவளைபோல ஒரு கரகரப்பு.

"நீ ஏறுற இடமே தப்பு" என்றார் மாமா. "பாரு. கீழ் ஸட்ஜத்துல இருந்து நான் காத்தை ஏத்துறேன். எங்க போய் நிக்கிறேன்?"

"மேல் ஸட்ஜத்தையும் தாண்டி, அதுக்கு மேல பஞ்சமத்துல நிக்கிறீங்க."

"நீ?"

"நான் ஸட்ஜத்துல கிளம்பி ஸட்ஜத்துலயே நிக்கிறேன் மாமா. இதுல என்ன தப்பு? நீங்க மேலேயும் கீழேயும் ஒரே அளவா இருக்கீங்க, தாண்டுறீங்க. நான் கீழே போகப் போகப் பெருத்திருக்கேன், தாண்டலை."

"அதைத்தான் தப்புங்கிறேன்" என்றார் மாமா. ஒரு பழைய வேட்டியைக் கிழித்து, சுருட்டி, அவள் அடிவாயில் திணித்தார். பெருத்த இடத்தை அடைத்துவிட்டால் பெருத்த குணம் போய்விடும் என்று அவருக்கு எண்ணம். உலகத்தில் எத்தனையோ மாமன்களுக்கு இருக்கிற எண்ணம்தான்.

துணி போட்ட பிறகு பாதிக் குரலும் போயிற்று. ஒரு நாள் அவள் பொறுக்க முடியாமல் கேட்டாள். "மாமா, உங்களுக்கும் நடுவுல ரெண்டு மூணு ஸ்வரம் வெளிறித்தானே போகுது? அந்த இடம் வந்தா வேகமா ஓடிடுறீங்க. அதுக்கு யாரும் துணி திணிக்கலையே?"

கிளாரினெட்டுக்கு முகம் சிவந்தது. கறுப்பு மரம் சிவந்தால் எப்படி இருக்குமோ அப்படி. "அது குறை இல்ல. எங்க பரம்பரைக் குரல் அப்படித்தான்."

"ஓகோ. உங்களுக்கு வந்தா பரம்பரை, எனக்கு வந்தா குறையா?"

மாமா எழுந்து போய்விட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று வீதியில் பேசிக்கொண்டார்கள்.

தேர் நாள் வந்தது. மரவீதி ஒரு பக்கம் வரிசை கட்டியது, பித்தளை வீதி எதிர்ப்பக்கம். மர வரிசையின் கடைசியில், மாமாவின் அருகில் சாக்ஸபோன் நின்றாள். தேருக்கு அருகே உலையைத் தூக்கி வந்து வைத்து, மாசிலாமணிக் கன்னார் துருத்தியை மிதித்துக்கொண்டிருந்தார். அவர் யாருக்கும் விரோதி இல்லை. கொடுத்ததை உருக்குவார், அவ்வளவுதான்.

நாகசுரம் தலையசைத்தார். மாமா ஊதினார். அவள் சேர்ந்து ஊதினாள், மாமா சொன்னபடியே உதட்டை இறுக்கி, தாடையைத் தூக்கி, வயிற்றில் வேட்டியோடு. வந்தது கொசுச் சத்தம். அடுத்து ஒரு தவளைச் சத்தம். தேர் பார்க்க வந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"போதும்" என்றார் நாகசுரம். கன்னார் இடுக்கியை எடுத்தார்.

"இன்னொரு தடவை!" என்று கத்தினார் கிளாரினெட். "இன்னும் கொஞ்சம் இறுக்கும்மா. கெஞ்சிக் கேட்கிறேன், இன்னும் கொஞ்சம்!"

சாக்ஸபோன் மாமாவைப் பார்த்தாள். அவர் கண்ணில் இருந்தது பாசம்தான், அதில் சந்தேகம் இல்லை. அந்தப் பாசம்தான் தன் கழுத்தை நெரிக்கிறது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. குனிந்தாள். அடிவாயில் இருந்த வேட்டியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். தாடையைத் தொங்கவிட்டாள், உதட்டைத் தளர்த்தினாள், தொண்டையைத் திறந்து, இருக்கிற மூச்சையெல்லாம் கீழ் ஸட்ஜத்தில் இறக்கினாள்.

தெருப் புழுதி ஆள் உயரம் எழும்பியது. பக்கத்தில் நின்ற மாமாவின் கால்கள் அதிர்ந்தன. தேர்ச் சக்கரம் கிறீச்சிட்டது. ஆனால் நாலு அடி தள்ளி நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் அடிவாய் மண்ணைப் பார்த்திருந்தது. இத்தனை பெரிய குரலையும் மண்ணே குடித்துவிட்டது.

"குரல் இருக்கு" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்வது போல. "போற இடம்தான் தப்பு."

கன்னார் இடுக்கியோடு நெருங்கினார். "அதைக் கீழே போடுங்க ஐயா. என்னை யாரும் தூக்க வேணாம். நானே போறேன்" என்று சொல்லிவிட்டு, அவளே நடந்து போய் உலைக்குள் காலை வைத்தாள்.

கூட்டம் சிரிப்பை நிறுத்தியது. கிளாரினெட் ஓடிவந்தார், நெருப்பின் சூட்டில் தடுமாறி நின்றார். மரத்தால் அதற்கு மேல் ஓரடி வைக்க முடியாது. "பாவி, வெளியே வாடி!" என்று கதறினார்.

இடுப்பு வரை நெருப்பு. பித்தளை சிவந்தது, இளகியது. அப்பா கொடுத்த உடம்பு அந்தச் சூட்டைத் தாங்கியது. ஆனால் நாக்கு நாணல், அம்மாவுடையது, ஒரு பொறி பட்டால் போய்விடும். அதைக் காப்பாற்ற அவள் கழுத்தைத் திருப்பினாள், தீக்கு எதிர்ப்பக்கமாக, வளையும் மட்டும் வளைத்தாள். அதே மூச்சில், இளகிய அடிப்பாகத்தை மண்ணிலிருந்து பெயர்த்து மேலே மடக்கினாள். வலித்தது. வலித்ததை அவள் மறைக்கவில்லை, கத்தினாள். மடக்கியதை மட்டும் விடவில்லை.

உலையிலிருந்து சிவக்கச் சிவக்க அகன்ற வாய் ஒன்று எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திறந்தது. அவள் மறுபடி கீழ் ஸட்ஜம் ஊதினாள்.

இந்த முறை மண் குடிக்கவில்லை. தேர் வடம் பிடித்தவர்கள் வடத்தை விட்டுவிட்டார்கள். ஆற்றுக்கு அப்பால் மேய்ந்த மாடுகள் தலை தூக்கின. அங்கிருந்து ஒரே தாவலில் மேல் ஸட்ஜத்துக்குப் போனாள், பஞ்சமத்துக்கு அல்ல, அதே ஸட்ஜத்துக்கு, அங்கே நின்று கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். மாசிலாமணிக் கன்னார் துருத்தியிலிருந்து காலை எடுத்துவிட்டார். "இதை உருக்க என்னால ஆகாது சாமி" என்றார்.

எக்காளத்துக்கு உடனே சொந்தம் ஞாபகம் வந்தது. "நம்ம கொம்பு மகளாச்சே! வாம்மா, நம்ம வீதிக்கு வா" என்று கூவியது.

"புல்லு திங்கிறவ அங்க எதுக்கு?" என்றாள் அவள். பிறகு நாகசுரத்தின் முன்னால் போய் நின்றாள். உடம்பிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது.

"பெரியவரே, நீங்களும் மேலே சிறுத்து கீழே பெருத்தவர்தான். நீங்களும் ஸட்ஜத்துல கிளம்பி ஸட்ஜத்துலதான் நிக்கிறீங்க. உங்க நாணல் சீவாளியைத் தாங்கிப் பிடிச்சிருக்கே ஒரு கெண்டை, அது எந்த மரத்துல செஞ்சது?"

நாகசுரம் சீவாளியைக் கையால் மறைத்துக்கொண்டார். சீவாளிக்கு உள்ளே இருக்கும் அந்தச் சின்ன உலோகக் குழாயைப் பற்றி அதுவரை யாரும் அவரிடம் பேசத் துணிந்ததில்லை.

"இந்த வாய் எங்கம்மா வாய். அதனால இந்த வரிசையிலதான் நிப்பேன். இடம் கேட்கலை, நிக்கிறேன். பித்தளையாவே நிப்பேன். துணி திணிக்க மாட்டேன், உதட்டை இறுக்க மாட்டேன். முடிஞ்சா நகர்த்துங்க."

யாரும் நகர்த்தவில்லை. கிளாரினெட் தெருவில் கிடந்த வேட்டித் துணியை எடுத்தார். அவள் கழுத்து வளைவில் ஒட்டியிருந்த கரியை அதனால் துடைத்தார். பிறகு மெதுவாக நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார்.

அன்று முதல்தான் சாக்ஸபோன் உடம்பு பித்தளையாக இருந்தும் மரக் குழல்களின் வரிசையில் நிற்கிறது. அன்று முதல்தான் அதன் கழுத்து வளைந்திருக்கிறது, அடிவாய் ஆட்களைப் பார்க்கிறது, கீழ் ஸட்ஜத்தில் நெருப்பின் கரகரப்பு ஒட்டியிருக்கிறது. இன்றைக்கும் கிளாரினெட்டில் பழகிய உதட்டோடு யாராவது அதை இறுக்கிப் பிடித்து ஊதிப் பார்க்கட்டும், கொசுவும் தவளையும்தான் கிடைக்கும். விட்டுப் பிடித்தால் மட்டுமே அது வாய் திறக்கும்.