யானையும் நிற்க வேண்டிய இடம்

மருதங்காட்டுக் குளத்தை நெடுங்காலம் ஒரு முதலை ஆண்டு வந்தது. தண்ணீர் குடிக்க வரும் ஒவ்வொரு கூட்டமும் அதற்கு ஒரு குட்டியைக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பெண் யானை ஒன்று அந்த முதலையைத் தும்பிக்கையால் சுருட்டி, தொலைவில் ஓடிய ஆற்றில் வீசி எறிந்தது. காடு விடுதலை அடைந்தது.

மறுநாள் எல்லா விலங்குகளும் குளக்கரையில் கூடின.

“இனி யானையம்மாதான் நமக்கு ராணி!” என்று கத்தியது நரி. “நல்ல மனசு, பெரிய உடம்பு. வேறென்ன வேண்டும்? எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்!”

“உட்காரு நரியண்ணே,” என்றது ஆமை. “முதலையும் வந்த புதிதில் நல்லதாகத்தான் இருந்தது. கரையேறி வந்து எல்லோரையும் நலம் விசாரித்தது. ராணி யார் என்பது இருக்கட்டும். ராணி என்ன செய்யக் கூடாது என்று முதலில் பேசுவோம்.”

மூன்று நாள் பேசின. நடுவில் சண்டையும் போட்டன. காலையில் மான்களும் முயல்களும், உச்சிவேளையில் யானைகளும் எருமைகளும், மாலையில் புலியும் மற்றவையும் குடிப்பது என்று முடிவாயிற்று. முறை தவறி வருபவரைத் தடுக்க ஆள்காட்டிக் குருவியைக் காவலுக்கு வைத்தன. வெறும் தரையில் முட்டையிட்டு, யார் நெருங்கினாலும் கத்தி ஊரைக் கூட்டும் பறவை அது. அது கத்தினால் யாராக இருந்தாலும் பின்வாங்க வேண்டும். அதைக் காவலிலிருந்து நீக்க ராணியாலும் முடியாது. காடு முழுவதும் கூடினால்தான் முடியும்.

காட்டுப்பன்றிக்குச் சிரிப்பு வந்தது. “இந்தக் கைப்பிடிக் குருவிக்கு நான் அடங்கிப் போகணுமா?”

“என் உடம்பைப் பார்க்காதே, குரலைக் கேள்!” என்று குருவி ஒரு கத்து கத்தியது. பன்றி துள்ளி இரண்டடி பின்னால் போனது. கூட்டமே சிரித்தது.

நரி மெல்ல எழுந்தது. “ஒரே ஒரு திருத்தம். ‘யானையம்மாவைத் தவிர’ என்று சேர்த்துக்கொள்வோம். நம்மைக் காப்பாற்றியவர் அல்லவா?”

எல்லாம் தலையாட்டின. யானைக்கும் அந்தப் பேச்சு இனித்தது. அது தும்பிக்கையால் மண்ணைக் கிளறிக்கொண்டே யோசித்தது.

“வேண்டாம்,” என்றது கடைசியில். “முதலையைத் தூக்கி எறிந்தபோது எனக்குக் கோபம் மட்டுமா இருந்தது? என் பலம் எனக்கே பிடித்திருந்தது. என்னை நான் முழுக்க நம்பவில்லை. நீங்களும் நம்பாதீர்கள். எனக்கும் சேர்த்தே சட்டம் வையுங்கள்.” அப்படியே சட்டம் வைத்து, யானையை ராணியாக்கின.

அடுத்த கோடையில் மழை பொய்த்தது. குளம் வற்றிச் சிறு குட்டையானது. ஒரு காலையில் மான்கள் குடித்துக்கொண்டிருந்தபோது, யானை புழுதி பறக்க ஓடி வந்தது. அதன் குட்டி தாகத்தில் மரத்தடியில் சுருண்டு கிடந்தது. உச்சிவேளைவரை அது தாங்காது.

வழியில், தரையில், நான்கு முட்டைகள். அவற்றின் முன்னால் ஆள்காட்டிக் குருவி சிறகை விரித்து நின்றது.

“நில்! இது மான்களின் நேரம்!”

“விலகு! என் பிள்ளை சாகிறான்!”

“நில்!” குருவி இடத்தை விட்டு நகரவில்லை. குரலும் தாழவில்லை.

யானை முன்னங்காலைத் தூக்கியது. அதன் நிழல் முட்டைகள்மேல் விழுந்தது.

“மிதியுங்கள், ராணி! உங்களை யார் கேட்பது?” என்று புதருக்குள்ளிருந்து நரி கூவியது.

தூக்கிய கால் மெதுவாகப் பின்னால் போய்த் தரையில் ஊன்றியது. அடுத்த காலும் பின்னால் போனது. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு குருவியின் சொல்லுக்காகப் பின்வாங்கியதை, கத்தல் கேட்டு ஓடி வந்த எல்லா விலங்குகளும் பார்த்தன. புலிகூடத் தலை தாழ்த்தியது.

யானை மண்டியிட்டது. “மானம்மா, இது உங்கள் நேரம். என் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் தருவீர்களா?”

அதுவரை அது யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

மூத்த மான் குருவியைப் பார்த்தது. “எங்கள் நேரத்தை நாங்களே கொடுக்கலாமா?”

“தாராளமாகக் கொடுக்கலாம். யாரும் பறிக்கத்தான் கூடாது!”

மான்கள் ஒதுங்கின. யானை முட்டைகளைச் சுற்றி நடந்து போய், தும்பிக்கை நிறைய நீர் முகந்து சென்றது. சற்று நேரத்தில் குட்டி எழுந்து நின்றது.

தன்னை நிறுத்தும் உரிமையை எளியவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் ‘நில்’ என்றதும் வலியவர் நிற்கும் நாடே உண்மையில் விடுதலை பெற்ற நாடு.