காத்தாயி வாய் மூடாத பகல்

முன்னொரு காலத்தில் ராஜாவும் இருந்தார், வைஃபையும் இருந்தது. எப்படி என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அலைவாய் நாட்டை ஆண்ட சடைக்கோமான், காலையில் போட்ட ஆணையை மாலையில் மறக்கிற மன்னன். ஒரே ஒரு சட்டத்தை மட்டும் மறக்க மாட்டான்: அவையில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மன்னனே ஆனாலும் வாய் திறக்கக் கூடாது.

அந்த நாட்டில் அலைவரிசைகளை விலை கொடுத்து வாங்க வேண்டும். ஒன்று மட்டும் பொது. உரிமம் இல்லாமல் யாரும் பேசலாம். மீனவர் குப்பத்து வைஃபை பெட்டி அதில்தான் படகுகளுக்குப் புயல் சேதி சொல்லும். அதற்கு ஒரு நல்ல பழக்கம். வேறு யாராவது பேசுகிறார்களா என்று முதலில் காது கொடுக்கும். ஓய்ந்த பிறகே தான் பேசும்.

மன்னனின் செல்லப்பிள்ளை வரதராயனுக்கு ஊரெல்லாம் செல்போன் கோபுரம். சொந்தமாக ஏழு அலைவரிசை இருந்தும் ஆசை அடங்காமல், பொது அலையிலும் தன் கோபுரங்களை மூச்சுவிடாமல் பேச வைத்தான். பெட்டி காத்தது, காத்தது, காத்துக்கொண்டே இருந்தது. புயல் சேதி போகவில்லை. குப்பத்துக் காத்தாயியின் புருஷன் புயலில் படகு உடைந்து, ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். அடுத்த புயல் வருவதற்குள் நியாயம் வேண்டும் என்று அவள் நேரே அவைக்கு வந்தாள்.

வரதராயன் சிரித்தான். "பொது அலைதானே, மன்னா? அந்தப் பெட்டியின் வாயை நானா பொத்தினேன்? அதுவாகக் காத்திருந்தால் நான் என்ன செய்ய?"

"அதுவும் சரிதான். நீ உன் கட்சியைச் சொல், பெண்ணே" என்றான் மன்னன்.

காத்தாயி தொடங்கினாள். வஞ்சிரம் எங்கே படும், நண்டை எப்படி உடைப்பது, நாத்தனார் கல்யாணத்தில் யார் யார் கோபித்துக்கொண்டார்கள் என்று நிறுத்தவே இல்லை. உச்சிவேளை தாண்டியது. அடுக்களையிலிருந்து பிரியாணி வாசனை வந்தது. மன்னன் வாயைத் திறந்தான். சட்டம் நினைவுக்கு வர, மூடிக்கொண்டான். கடைசியில் தாங்க முடியாமல் அவளைப் பார்த்துக் கைகூப்பினான்.

அவள் நிறுத்தினாள். "பசிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே மகாராஜா? உங்க வாயை நானா பொத்தினேன்? நீங்களாத்தானே காத்திருந்தீங்க."

"இவளைச் சிறையில் தள்ளுங்கள்" என்று துள்ளினான் வரதராயன்.

"தள்ளுங்க. மகாராஜா, உங்களுக்கு ஒரு வேளைச் சோறு தள்ளிப்போச்சு. எனக்குப் புருஷனே போயிருப்பான். ஒழுங்கா நடக்கிறவன்தான் ஏமாளின்னா, நாளைக்கு எவன் ஒழுங்கா நடப்பான்?"

மன்னன் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தான். "வரதராயா, இனி உன் கோபுரமும் முதலில் காது கொடுக்கட்டும். ஓய்ந்திருந்தால் நாலு வார்த்தை பேசிவிட்டு அடுத்தவருக்கு வழி விடட்டும். மீறினால் உன் ஏழு அலையும் பறிபோகும். ஒரு மாதத்துக்கு இந்த அவையில் எல்லோரும் பேசி முடித்த பிறகே நீ வாய் திறக்க வேண்டும்."

பிறகு ஓலை கொண்டுவரச் சொன்னான். "காத்தாயி, பொது அலையை உன் பேருக்கே எழுதித் தருகிறேன்."

அவள் ஓலையைத் தள்ளினாள். "வேண்டாம். என் பேருக்கு எழுதினா, நாளைக்கு இன்னொருத்தி என் வாசல்ல வந்து கெஞ்சணும். அது யார் பேர்லயும் இருக்க வேண்டாம்."

மன்னன் கொடுத்ததை மறுத்து, விடைகூடப் பெறாமல் அவள் கரைக்கு நடந்தாள். அன்று மாலை புயல் சேதி போனது. போன படகெல்லாம் திரும்பி வந்தன.