இரண்டு விரல் இடைவெளி

ஆற்றங்கரை மடத்துப் பூரணத்தம்மாளிடம் உபதேசம் கேட்டுப் போனால் முதலில் வேலைதான் கிடைக்கும். வடமலையப்பன் போன அன்று அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு கட்டுக் கீரையை இவர் பக்கம் தள்ளினார்.

வடமலையப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவைவிட நாலு வயது மூத்த சீடர். ஊர்க் கோயிலில் சப்பரம் தூக்கும் பன்னிரண்டு பேருக்கும் அவர்தான் தலைவர். ஆறடிக்கு மேல் உயரம். சாமியைத் தூக்கிக்கொண்டு அவர் நிமிர்ந்து நடக்கிற நடையைப் பார்க்கவே சனங்கள் மாடியேறி நிற்பார்கள். அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடப்பார்.

"அம்மா, எனக்கு இன்னும் பலம் வேணும். அதுக்கு ஒரு வழி சொல்லணும்."

"இருக்கிற பலத்துக்கு என்ன?"

வடமலையப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை.

"ரெண்டு வருசமா வலது கை மரத்து மரத்துப் போவுது. நாலு நாள்ல திருவிழா. நடுத்தெருவுல கை விட்டுப்போச்சுன்னா சாமி கீழ வந்துரும். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த ஊருல இருக்கது?"

"வீட்டுல சொன்னீரா?"

"செண்பகவல்லி கேப்பா. ஒண்ணுமில்லன்னுருவேன். சொன்னா பயந்துருவா."

"கூடத் தூக்குறவங்ககிட்ட?"

வடமலையப்பன் சிரித்துவிட்டார். "அவனுவகிட்டயா? பேருக்குத் தோள் கொடுக்கானுவ. தூக்குறது பன்னண்டு பேரு, கனம் பூரா என் ஒருத்தன் தோள்ல. லாரி செட்டு வேலையிலயும் இதே கதைதான், வீட்டுலயும் இதே கதைதான். எல்லாத்தையும் நான்தான் தாங்குதேன் அம்மா."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் அலுப்பைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. அம்மாள் கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார்.

"நாளைக்குத்தானே வெள்ளோட்டம்? நானும் வாரேன்."

திருவிழாவுக்கு முன்னால் சாமியின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி, சப்பரத்தை ஒரு சுற்றுத் தூக்கிப் பார்ப்பது அந்த ஊர் வழக்கம். அதுதான் வெள்ளோட்டம். காலையில் வடமலையப்பன் தன் சும்மாட்டை எடுத்துத் தோளில் வைத்தார். பழைய வேட்டியை மடித்து மடித்துத் தைத்த சும்மாடு. வருஷத்துக்கு ஒரு மடிப்புக் கூட்டுவார், அதுவும் செண்பகவல்லி கண்ணில் படாமல். வலி கூடக் கூட மடிப்பும் கூடும். அவர் தனக்குத்தானே பார்த்துக்கொண்ட வைத்தியம் அது.

சப்பரம் எழுந்தது. தோளில் தாங்குகிற வலது தண்டின் முன்பகுதியில் மூன்று பேர். முதலில் கொம்பையா, நடுவில் வடமலையப்பன், அவருக்குப் பின்னால் இசக்கி. மேலத்தெரு திரும்பியதும் அம்மாள், "அப்படியே நில்லுங்க" என்றார்.

தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, தண்டுக்கும் கொம்பையாவின் தோளுக்கும் நடுவே விட்டார். இந்தப் பக்கம் போன துண்டு தடையில்லாமல் அந்தப் பக்கம் வந்தது. இசக்கியின் தோளிலும் விட்டார். வந்தது. வடமலையப்பனின் தோளில் விட்டார். துண்டின் நுனிகூட நுழையவில்லை.

"பாத்தீங்களா அம்மா? நான் சொல்லலியா?" வடமலையப்பனுக்கு வேர்வையிலும் முகம் மலர்ந்தது. கொம்பையா தலையைக் குனிந்துகொண்டார்.

"சும்மாட்ட எடும்" என்றார் அம்மாள்.

"என் சும்மாட்டையா?"

"ஆமா."

"வெறுந்தோள்ல வச்சா எலும்பு நொறுங்கிரும் அம்மா."

"எடும்வே."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் சண்டைக்குப் போயிருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மாட்டை உருவினார். தண்டு இரண்டு விரல் அளவு கீழே இறங்கியது. அவ்வளவுதான். முன்னால் கொம்பையா முனகினார். பின்னால் இசக்கியின் முழங்கால் ஒருதரம் ஆடி, அப்புறம் ஊன்றி நின்றது.

வடமலையப்பன் வலிக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தார். முழுசாக இழுக்க முடிந்தது.

மூட்டைகளை இறக்கியதும் கொம்பையா அவர் எதிரே வந்து நின்றார்.

"அண்ணாச்சி, இத்தன கனத்தையா ஒத்தையில வச்சிருந்தீரு?"

"நீங்க தாங்க மாட்டியளோன்னு..."

"கேட்டீரா எங்ககிட்ட? பதினோரு வருசமாத் தூக்குதேன். என் தோளப் பாரும், ஒரு தழும்பு இருக்கா? நீரு சாமி தூக்கப் போறீரா, வேடிக்கை பாக்கப் போறீரான்னு எம் பொண்டாட்டி என்னையக் கேக்கா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொம்பையா சிரிக்கவில்லை. வடமலையப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. ஊரே பார்த்த தன் நடைக்காக அவர் முதன்முதலாக வெட்கப்பட்டார். சும்மாட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

திருவிழா வந்தது. தெற்குத் தெருவில், மேளம் உச்சத்தில் இருக்கும்போது, அவர் கை மரத்தது. முழங்கைக்குக் கீழே கை இருப்பதே தெரியவில்லை. மாற்று ஆள் வேண்டுமென்றால் "தோள்!" என்று குரல் கொடுக்க வேண்டும் என்பது சப்பரக்காரர்களின் முறை. வடமலையப்பன் இருபத்தைந்து வருஷத்தில் ஒருதரம்கூட அந்தக் குரலைக் கொடுத்ததில்லை. கொடுத்தவர்களைக் கேலி செய்திருக்கிறார்.

மாடியைப் பார்த்தார். சனங்கள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தோள்!" என்றார்.

சொல் முடிவதற்குள் இசக்கி முன்னேறித் தோளைக் கொடுத்துவிட்டார். பின்னால் காலியான இடத்தில் மாற்று ஆள் நுழைந்தார். சாமியின் மாலைகூட அசையவில்லை. வடமலையப்பன் வெறுங்கையோடு சப்பரத்தின் பக்கத்தில் நடந்தார். கொம்பையாவின் தோள் கன்றிச் சிவந்திருந்தது. அதைத் துண்டால் மூடாமல் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு நிமிர்ந்து போனார் அவர். அந்த நடையைப் பார்க்கப் பார்க்க வடமலையப்பனுக்கு நெஞ்சு விம்மியது. தான் தூக்கிய காலத்தில்கூட அவர் இத்தனை பெருமைப்பட்டதில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், "எங்க ஆளு" என்றார்.

மறுநாள் மடத்துக்குப் போனபோது செண்பகவல்லியும் கூட வந்தார். அம்மாள் ஆளுக்கு ஒரு கட்டுக் கீரையைக் கொடுத்தார்.

"வெள்ளோட்டத்தன்னைக்கே இவகிட்டச் சொல்லிட்டேன் அம்மா" என்றார் வடமலையப்பன்.

"பயந்தாளா?"

"அழுதா. கொஞ்ச நேரந்தான். அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, கெளம்புங்க ஆஸ்பத்திரிக்குன்னா. கழுத்து நரம்பு நசுங்கியிருக்காம். சரியாக்கிரலாம், கனத்தக் குறைச்சுக்கிடணும், சப்பரத்தையும் கூடத் தூக்குறவங்களோட பங்கு போட்டுத்தான் தூக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அவருகிட்ட எல்லாத்தையும் இவதான் பேசுனா. லாரி செட்டுக்கும் இவளே போயி, பத்து நாளைக்கு வரமாட்டாருன்னு சொல்லிட்டு வந்துட்டா."

செண்பகவல்லி நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வடமலையப்பன் அவரையே பார்த்தார்.

"கல்யாணமாகி இருபத்தாறு வருசம் ஆச்சு. இவளுக்கு இவ்வளவு பலம் இருக்குன்னு எனக்கு ஏன் அம்மா தெரியாமப் போச்சு?"

அம்மாள் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"இவ தோள்லயும் துண்டு போயி வாற அளவுக்கு இடம் விட்டிருந்தீரே, எப்படித் தெரியும்?"