புல்தரையில் முன்னால் நடந்தவள்

சறுக்குமரத்தடியில் பாம்பு என்று யார் முதலில் கத்தினார்களோ, அந்தக் கத்தல் நான்கு மாடி ஏறி லவீனாவின் சமையலறைக்குள் வந்துவிட்டது. அடுப்பை அணைத்தாளோ இல்லையோ, செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

கீழே பாம்பு இல்லை. பாம்பின் சட்டை இருந்தது. பிள்ளைகள் வட்டமாகக் கூடி நின்றார்கள். நடுவில் அவளுடைய நான்கு வயது ஜோவிதா அதன் ஒரு நுனியைப் பிடித்துத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இங்க பாரேன், ரிப்பன்!"

மாதாவே என்று அலறிப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவள்தான், அதற்குப் பிறகு ஜோவிதாவின் கால் மண்ணில் படவில்லை.

கோவையைத் தாண்டி, சோளக்காட்டை மனையாக்கிக் கட்டிய குடியிருப்பு அது. மூன்று கட்டடங்கள், நடுவே ஒரு பொதுப் புல்தரை, ஊஞ்சல், சறுக்குமரம், சுற்றிலும் மல்லிச் செடி. சாயந்திரமானால் அங்கே காது கொடுத்துக் கேட்க முடியாது. பாம்புச் சட்டை கிடைத்த நாளிலிருந்து பிள்ளைகளின் சத்தம் அடங்கிப் பெரியவர்களின் சத்தம் ஆரம்பித்தது.

பூண்டு நசுக்கிப் போட்டால் வராது என்றார் ஒருவர். பினாயில் தெளித்தார் இன்னொருவர். இரண்டும் சேர்ந்து அடித்த நாற்றத்தில் பாம்பு வந்ததோ இல்லையோ, விருந்தாளிகள் வரவில்லை. பாம்பு பிடிப்பவரை அழைத்து வந்தார்கள். அவர் பார்த்துவிட்டு, "இது போயிருச்சுங்க. இல்லைனா இங்கதான் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மல்லிச் செடிக்குள் ஏதோ நெளிந்ததாக யாரோ சொல்ல, கம்பும் துடைப்பமும் கிரிக்கெட் மட்டையுமாகப் பத்துப் பேர் பாய்ந்தார்கள். செடி தூள் தூளானது. "தலையில போடுங்க, தலையில!" என்று சங்கச் செயலாளர் தணிகாசலம் முழங்கினார். தலையில் போட்டார்கள். பீய்ச்சிக்கொண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் கிளம்பியது. செடிக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாய்.

மாடி ஜன்னல்களில் அடைபட்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள். ஜோவிதா கம்பிக்கு வெளியே கையை நீட்டித் துளியைப் பிடிக்கப் பார்த்தாள். லவீனா கையை உள்ளே இழுத்து ஜன்னலைச் சாத்தினாள்.

அன்று இரவே தணிகாசலம் முடிவெடுத்துவிட்டார். புல்தரை, செடி, மண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுவரிலிருந்து சுவர் வரைக்கும் தரை பாவும் பேவர் கல். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கை தூக்கினால் போதும்.

"மண்ணு இருந்தாத்தானுங்க பூச்சி பொட்டு. கல்லைப் போட்டுட்டா வழுவழுன்னு கிடக்கும். நான் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவனுங்க. பாம்பு என்னைப் பார்த்தா வழி விட்டுரும். உங்க குழந்தைகளுக்காகத்தான் சொல்றேன்."

கூட்டத்துக்குக் காத்திராமல் லவீனா அப்போதே கை தூக்கிவிட்டாள். தூக்கியதோடு நிற்காமல் வீடு வீடாக ஏறி இறங்கி ஆதரவும் சேர்த்தாள். கடைசியாக மீதி இருந்தது கீழ்த்தளத்தில் ஒரே ஒரு வீடு. யசோதரை டீச்சரின் வீடு.

யசோதரை டீச்சர் பள்ளிக்கூடத்து டீச்சர் அல்ல. காலையில் பொதுக்கூடத்தில் பாய் விரித்து, சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தருகிறவர். ஜோவிதா பிறந்த புதிதில் குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்த்துப் பார்த்தே லவீனா தூக்கம் கெட்டுப் போனாள். அப்போது போய் உட்கார்ந்தவள் இன்றும் உட்காருகிறாள். டீச்சரிடம் ஒரே ஒரு தொல்லை. கேள்வி கேட்டால் பதில் வராது, வேலை வரும்.

சனிக்கிழமை லவீனா போனபோது அவர் வாசலில் செம்பருத்தித் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நாளைக்கு நீங்களும் கல்லுக்குத்தானே கை தூக்குவீங்க?"

"கல்லு போட்டா ஜோவி கீழே வருவாளா?"

"வருவா."

"அப்புறம் கல்லு மேலயே பாம்பு வந்துச்சுன்னா?"

"ஏன் டீச்சர் இப்படிச் சொல்றீங்க?"

"கேட்டேன், அவ்வளவுதான். கல்லு போடலாம். போடுறதுக்கு முந்தி அந்தத் தரை முழுக்க ஒரு தடவை நடந்து பார்த்துட்டுப் போடலாம்."

"அதுவும் சரிதான். யாரை நடக்கச் சொல்லலாம்? தணிகாசலம் அண்ணாவை?"

"உன்னைத்தான்."

"டீச்சர்! நான் பல்லிக்கே கட்டில் மேல ஏறுறவ!"

"தெரியும்" என்றார் டீச்சர். உள்ளே போய் ஒரு நீள மூங்கில் கழியும், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் கொண்டுவந்து வைத்தார். "தட்டு. பாரு. அப்புறம் கால் வை. காலையில வெளிச்சம் வந்ததும் வா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தி எப்படித்தான் பரவியதோ, எல்லா மாடியிலும் தலைகள். பிள்ளைகள் சிமெண்ட் பாதையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள், தேர் பார்க்க வந்த மாதிரி. பூட்ஸ் லவீனாவுக்கு இரண்டு அளவு பெரிசு. ஒவ்வொரு அடிக்கும் 'பளக், பளக்' என்று சத்தம்.

"லவீனா அக்கா, விண்வெளிக்கா போறீங்க?" என்று மாடியிலிருந்து ஒரு குரல்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் அடி வைக்கும்முன் இரண்டு தடவை ஜெபம் சொன்னாள். தட்டினாள். பார்த்தாள். ஒவ்வொரு புல்லாகப் பார்த்தாள். கால் வைத்தாள். டீச்சர் ஜோவிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றார்.

ஊஞ்சலைத் தாண்டினாள். சறுக்குமரத்தைத் தாண்டினாள். முதுகில் வேர்வை ஓடியது. காது இரண்டும் விரிந்து முயல் காது ஆகிவிட்டது போலிருந்தது அவளுக்கு. எறும்பு நடப்பதுகூடக் கேட்டுவிடும் போல. இத்தனை வருஷம் குடியிருந்தும் இந்தத் தரையில் தொட்டாற்சிணுங்கி இருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"ஏனுங்க, கூட்டத்துக்கு நேரமாகுதுல்ல?" தணிகாசலம் வந்துவிட்டார். ஒரு கையில் போன், காலில் வீட்டுச் செருப்பு. "இப்படி ஆமை மாதிரி நடந்தா பொங்கல் வந்துரும். தள்ளுங்க, நான் ஒரே நடையில முடிச்சுத் தர்றேன்."

சொன்னவர் அவளைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். கண் போனில். மல்லிச் செடியின் மிச்சத்துக்கு அருகே, சருகு நிறத்தில், சருகைவிடக் கொஞ்சம் மினுமினுப்பாக ஒன்று.

"அண்ணா, நில்லுங்க!"

மூன்று கட்டடமும் அதிர்ந்தது. தணிகாசலத்தின் வலது கால் அந்தரத்தில் நின்றது. அதற்குக் கீழே, ஒரு சாண் தள்ளி, சருகு நகர்ந்தது.

லவீனா கழியால் தரையை ஓங்கித் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். அது அவசரமே இல்லாமல் உடம்பை நீட்டிச் சுவரோரமாகப் போய், மழைத்தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்குள் தலையை விட்டது. உள்ளே போய்க்கொண்டே இருந்தது. முடியும் என்று பார்த்தால் இன்னும் வந்தது. கடைசியில் வாலும் போயிற்று.

அப்புறம்தான் இரைச்சல்! "நல்ல பாம்பு!" "இல்லீங்க, சாரை!" "படம் எடுத்துச்சு, நான் பார்த்தேன்!" மேல் மாடி ஆச்சி ஒருவர் அங்கிருந்தே கற்பூரம் ஏற்றினார். தணிகாசலம் கொக்கு மாதிரி நின்ற காலை மெள்ள இறக்கி, ஊஞ்சலில் போய் உட்கார்ந்தார். ஊஞ்சல் அவரோடு சேர்ந்து நடுங்கியது.

"ஓட்டைக்குக் கம்பி வலை எங்க?" என்று லவீனா கேட்டாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

வலை துருப்பிடித்து விழுந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டதாம். யாரும் அந்தப் பக்கம் குனிந்து பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் ஓடி, செங்கல் கொண்டுவந்து அப்போதைக்கு அடைத்தார்கள்.

லவீனா கழியைச் சுவரில் சாத்தப் போனாள்.

"பாதித் தரை பாக்கி இருக்கு" என்றார் டீச்சர்.

அவள் திரும்பி நடந்தாள். தட்டு. பார். கால் வை. பின்னால் ஒரு சின்னக் குரல். "ஆன்ட்டி, நாங்களும் வரலாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "ஷூ போட்டுட்டு வரணும். கழிக்கு முன்னால ஒருத்தரும் வரக்கூடாது" என்று வந்தது.

சொல்லி முடிப்பதற்குள் மாடிப்படிகளில் மழை கொட்டுகிற சத்தம். ஷூவும், அப்பாவின் ஹெல்மெட்டும், ஒருவனுக்குக் கையில் சப்பாத்திக் கட்டையும். வரிசையாக அவள் பின்னால் நின்றார்கள். அவள் தட்டினால் அவர்களும் தரையை மிதித்தார்கள். தட், தட், தட். புல்தரை முழுக்க அந்தத் தாளம். ஜோவிதா டீச்சரின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, கடைசி ஆளாக வரிசையில் சேர்ந்து, எல்லாரையும்விடப் பலமாக மிதித்தாள். லவீனா திரும்பிப் பார்த்தாள். பிடித்து நிறுத்தவில்லை.

மறு சுவரைத் தொட்டதும் வரிசை உடைந்தது. சறுக்குமரத்தில் ஆள்மேல் ஆளாக ஏறினார்கள். ஜோவிதா கத்திக்கொண்டே வழுக்கி வந்து மண்ணில் 'தொப்'பென்று உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். முகமெல்லாம் மண்.

கூட்டம் ஊஞ்சலைச் சுற்றியே நடந்தது.

"அப்போ கல்லு போடறதுங்களா, வேண்டாமுங்களா?" என்றார் ஒருவர். எல்லாரும் லவீனாவைப் பார்த்தார்கள்.

"ஓட்டைக்கு வலை போடுங்க. புல்லைக் குட்டையா வெட்டுங்க. தினம் காலையிலயும் சாயந்திரமும் யாராவது முன்னால நடக்கட்டும். கல்லு வேண்டாங்க."

"அப்போ பாம்பு வராதுங்கறீங்களா?"

"வரும்" என்றாள் லவீனா.

கல்லுக்குக் கை தூக்க வந்தவர்கள் யாரும் கை தூக்கவில்லை. தணிகாசலம் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் பார்த்துட்டுத்தானுங்க காலைத் தூக்கினேன். அந்தம்மா நடுவுல கத்துனதுலதான் பாம்பு மிரண்டு போச்சு. தோட்டத்துக்காரனுக்குப் பாம்பு ஒரு பயமுங்களா?"

கூட்டம் கலைந்தது. லவீனா பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள். கழியை நீட்டினாள். கழியின் நுனி படபடவென்று ஆடியது.

"எனக்குத் தைரியம் வந்துரும்னு நினைச்சு அனுப்பினீங்க. வரலை டீச்சர். கையைப் பாருங்க. இன்னும் நிக்கலை. நாளைக்கும் நடக்கணும்னு நினைச்சா இப்பவே பயமா இருக்கு."

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார்.

"நாளையிலிருந்து தணிகாசலம் அண்ணாவே முன்னால நடக்கட்டும் டீச்சர். அவருக்குத்தான் பயமே கிடையாதே."

டீச்சர் கழியை அவள் பக்கமே தள்ளினார்.

"அதனாலதான் அவர்கிட்ட கொடுக்கலை."