பாதி மாறிய அட்டவணை

கோடை முற்றியபோது அந்தக் காட்டில் ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் மிஞ்சியது. மானும் சிறுத்தையும் அங்கே ஒரே நேரத்தில் போய் நின்றால் விபரீதம். அதனால் கீரியும் முள்ளம்பன்றியும் ஒரு செயலியை உருவாக்கி, கிளவுடில் இரண்டு சர்வர்களில் ஓடவிட்டிருந்தன. யார் எப்போது நீர் குடிக்க வரலாம் என்று அது அவரவர் போனுக்குச் சொல்லும்.

ஒருநாள் தாய்மான் ஒன்று கீரியிடம் வந்தது. "எங்கள் முறை மாலையில் வருகிறது. அதுவரை என் குட்டிக்குத் தாகம் தாங்கவில்லை."

கீரி இரங்கியது. சிறுத்தையின் உச்சிவேளை முறையை மான்களுக்கு மாற்றி, புதிய அட்டவணையை உடனே ஏற்றியது. மான்களுக்குச் செய்தி போனது.

சற்று நேரத்தில் முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்தன.

"ஒரு சர்வரில்தான் மாறியிருக்கிறது. மற்றதில் பழையதே ஓடுகிறது. அது சிறுத்தையையும் இப்போதே வரச் சொல்லிவிட்டது. குட்டைக்கு யாரும் போக வேண்டாம் என்று எல்லோருக்கும் அறிவித்துவிடு."

"அறிவித்தால் நாளை நம்மை யார் நம்புவார்கள்? பொறு, சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறேன்."

"மான்கள் கிளம்பியிருக்குமே?"

கீரி மற்ற சர்வரிலும் ஏற்றத் தொடங்கியது. புதிய அட்டவணை பாதியில் நின்றது. மீண்டும் ஏற்றியது. மீண்டும் நின்றது. ஒருவழியாக இரண்டு சர்வர்களும் ஒத்துப்போயின.

"முடிந்தது," என்றது கீரி.

"திரையில் முடிந்தது. சிறுத்தை எங்கே?"

கீரி குட்டையை நோக்கி ஓடியது. முள்ளம்பன்றி எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பியது. ஆனால் நீரில் வாய்வைத்திருந்த மான்கள் எதுவும் போனைப் பார்க்கவில்லை.

எதிர்க்கரையில் கோரைப்புல் அசைந்தது.

"ஓடுங்கள்!" என்று கத்தியது கீரி.

மந்தை சிதறியது. குட்டியை முன்னால் தள்ளிவிட்ட தாய்மான் மட்டும் தப்பவில்லை.

"என் முறை என்றுதானே உன் செயலி சொன்னது?" என்றது சிறுத்தை. கீரி தலைகுனிந்தது.

அன்று மாலை அது மான்களிடம் போய் நடந்ததைச் சொன்னது. கலைமான் ஒன்று மட்டும் வாய்திறந்தது.

"தவறு உனக்கு எப்போது தெரிந்தது?"

"நீங்கள் குட்டைக்குப் போய்ச் சேரும் முன்பே."

 குட்டி மந்தைக்குள் ஒவ்வொரு மானாக மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

தவறு தெரிந்ததும் ஆபத்தில் இருப்பவர்களை முதலில் எச்சரிக்க வேண்டும். தவறைத் திருத்துவதும் நம் பெயரைக் காப்பதும் அதற்குப் பிறகுதான்.