பாய்லரைத் துரத்திய வளைவு

செம்மலைப்புதூர் நகரத்துக்கு வெளியே, புறவழிச்சாலை ஓரமாக, ஒரு தனியார் பல்கலைக்கழகம் இருந்தது. அதன் வாசலில் நாற்பதடி உயர வளைவு ஒன்று கால் அகட்டி நின்றது. எதிரே ஒரு டீக்கடை. அங்கிருந்த பித்தளைப் பாய்லர் விடிந்ததிலிருந்து யார் மேலாவது சீறிக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷம் பல்கலைக்கழக முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் சீட் நிறையலைன்னா, இதைக் கல்யாண மண்டபம் ஆக்கிருவேன்."

வளைவு வெலவெலத்துப் போனது. 'பல்கலைக்கழகம்' என்ற எழுத்துகளைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் பன்னீர் தெளிக்கிற பொம்மையை மாட்டுவார்களே!

உட்கார்ந்து யோசிக்க வழியில்லாததால் நின்றபடியே யோசித்தது. 'நம்ம மேல குத்தமில்லை. இந்த ஊர்தான் நம்ம மானத்தை வாங்குது. ஜவ்வரிசி ஆலை நாத்தம், லாரிப் பட்டறை இரைச்சல்... யார் சேருவான்?'

உடனே பெரிய பிளக்ஸ் ஒன்று கட்டிக்கொண்டது. அதில் செம்மலைப்புதூர் என்ற பேரே இல்லை. 'இயற்கை எழில் கொஞ்சும் வளாகம்' என்று எழுதி, பின்னால் ஒரு பனிமலையை வைத்திருந்தார்கள். அடிக்கிற வெயிலில் அந்த மலைக்கே வேர்த்திருக்கும்.

அடுத்து பாய்லரைப் பார்த்தது. "ஏய், நீ காலி பண்ணு. உன்னைப் பார்த்தாலே ஊர் ஞாபகம் வருது."

"ஏன்டா, சிமெண்டுப் பயலே, உன்னைக் கட்டின கொத்தனார் குடிச்சதே என் டீதான்டா!" என்று பாய்லர் கொதித்தது.

"ஆக்கிரமிப்புன்னு எழுதிக் கொடுத்துருவேன்."

"போறேன். ஆனா நீயா வந்து கூப்பிடுவே. அன்னைக்கு என் பேச்சு வேற மாதிரி இருக்கும்." பாய்லர் கடையோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டது.

சேர்க்கை நாள் வந்தது. நாச்சிமுத்து என்பவர் மகள் தாரணியுடன் காரில் வந்து இறங்கினார். வளைவு நெஞ்சை நிமிர்த்தியது. அவரோ அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார்.

"என்னப்பா தேடறீங்க?"

"எதிர்ல ஒரு டீக்கடைகூட இல்லையே கண்ணு. காலேஜ் எப்படின்னு யார்கிட்ட விசாரிக்கிறது?"

"அதான் பிளக்ஸ்ல போட்டிருக்கே."

"மாப்பிள்ளை நல்லவரான்னு மாப்பிள்ளைகிட்டயேவா கேப்பாங்க? ஏறு வண்டியில."

அவர் மட்டுமில்லை, பின்னால் வந்த கார்களும் அதே மாதிரி நின்று, தேடி, திரும்பிப் போயின. ஊரில் எந்தத் தகப்பனும் எதிர்க்கடையில் ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. உயரத்திலிருந்தே பார்த்துப் பழகிய வளைவுக்கு இது தெரியாமல் போய்விட்டது.

பன்னீர்ப் பொம்மை கண் முன்னால் வந்து நின்றது. வளைவு தன் இரண்டு கால்களையும் பிடுங்கிக்கொண்டு நாச்சிமுத்துவின் கார் போன திசையில் ஓடியது. முதல் தடவையாக ஊருக்குள் நுழைந்தது. கேபிள் ஒயர் கழுத்தில் மாட்டியது. லாரிகள் ஹாரன் அடித்தபடி காலுக்கு நடுவே புகுந்து போயின. அதன் மாணவர்கள் இங்கேதான் அறை எடுத்திருந்தார்கள், இங்கேதான் பரோட்டா தின்றார்கள், பட்டறை வாசலில் நின்று என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் நாச்சிமுத்து கையில் டீ கிளாஸ். "ஏனுங்க, பைபாஸ்ல இருக்கே, அந்தக் காலேஜ் எப்படிங்க?" என்று பாய்லரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வளைவு மூச்சிரைக்கக் குனிந்து, "அண்ணா, காப்பாத்துங்க. நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க" என்று கிசுகிசுத்தது.

"ஒரு நிமிஷம் இருங்கண்ணா" என்று நாச்சிமுத்துவிடம் சொல்லிவிட்டுப் பாய்லர் திரும்பியது. "எனக்குப் பழைய இடம் வேணும்."

"தந்தேன்."

"பிளக்ஸ்ல ஊர் பேரு பெருசா வரணும். மலையை இறக்கணும்."

"இறக்கிடறேன்."

"நல்லது நாலு சொல்வேன். கூடவே கெட்டது ரெண்டும் சொல்வேன்."

"ஐயோ, அது எதுக்குங்க?"

"குறையே இல்லாத சரக்குன்னா எவன் நம்பி வாங்குவான்? நானா இருந்தா வாங்க மாட்டேன். சரியா, இல்லையா?"

வளைவு முழுசாய்த் தலையாட்டியது. இரண்டு ஓடு பெயர்ந்து விழுந்தது.

பாய்லர் தொண்டையைச் செருமியது. "கேளுங்கண்ணா. விடுதி சாம்பார்ல பருப்பைத் தேடணும். பாத்ரூம் தாழ்ப்பாள் பாதி நிக்காது. ஆனா வாத்தியாருங்க ஒழுங்கா வருவாங்க. லேப்ல மிஷினைத் தொட விடுவாங்க. பொண்ணு ராத்திரி பஸ் இறங்கினா, காலேஜ் கேட்டுக்குள்ள போற வரைக்கும் ஆட்டோக்காரன் பார்த்துட்டு நிப்பான். அது இந்த ஊர்ப் பழக்கம். ஜவ்வரிசி வாடை ஒரு வாரத்துல பழகிரும். படிப்பு முடிச்சா இங்கயே பட்டறைல கூப்பிட்டு வேலை தருவான்."

நாச்சிமுத்து மகளைப் பார்த்தார்.

"தாழ்ப்பாள் நான் வாங்கி மாட்டிக்கறேன்ப்பா. சேரலாம்" என்றாள் தாரணி.

வளைவும் பாய்லரும் பழைய இடத்துக்கு வந்தன. பிளக்ஸில் மலை இறங்கி ஊர் பேர் ஏறியது. சேதி பரவி, திரும்பிப் போன கார்கள் ஒவ்வொன்றாக வந்தன. டீ குடித்தார்கள், விசாரித்தார்கள், உள்ளே போனார்கள். சீட் நிறைந்தது. மண்டபப் பேச்சு அடங்கியது.

ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து வளைவு மெல்லக் குனிந்தது.

"ஏனுங்கண்ணா, தப்பா நினைக்காதீங்க. இந்தக் காலேஜ் எப்படிங்க?"

பாய்லர் கரண்டியைத் துடைத்து வைத்தது.

"அது பெரிய கதைங்க. மொதல்ல ஒரு டீ சொல்லுங்க."