மாசிலாமணியின் பாய்

“மாசிலாமணிக்குக் காவி கொடுக்க ஏம்மா யோசிக்கறீங்க?” என்று கேட்டார் உலகநாதர்.

மடத்தின் மூத்த சீடர் அவர். குருவான செண்பகவல்லி அம்மையாரைவிட வயதில் பெரியவர். அதனால் கேள்வியில் கொஞ்சம் உரிமையும் இருந்தது.

அம்மையார் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“எதுக்குக் கொடுக்கணும் ஐயா?”

“தூக்கத்தை ஜெயிச்சுட்டாரே! தேரோட்டத்திலிருந்து மனுஷர் கண்ணை மூடறதே இல்லை. நாங்களும்தான் சிவராத்திரிக்குச் சிவராத்திரி மல்லுக்கட்டிப் பார்க்கறோம். பாதியிலேயே தலை சாஞ்சுடுது.”

“உங்க குறட்டை எனக்கே கேட்குமே.”

உலகநாதர் அதைக் காதில் வாங்காதவர்போல் நின்றார்.

தேரோட்டத்தில் நடந்தது ஊருக்கே தெரியும். தேருக்குக் கடிவாளம் கிடையாது. அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் கொடுக்கிற முட்டுக்கட்டைதான். அந்தத் திருப்பணி மடத்துச் சீடர்களுடையது. வடக்கு வீதிச் சரிவில், மழை ஈரத்தில், தோணியப்பன் கொடுத்த கட்டை வழுக்கியது. சக்கரம் அவன்மேல் ஏறிவிட்டது. கூட்டத்துக்குள் பாயவிருந்த தேரை, அடுத்த சக்கரத்தில் தன் கட்டையைக் கொடுத்து நிறுத்தியவர் மாசிலாமணி.

அன்றிலிருந்து அவர் தூங்கவில்லை.

அந்த மடத்தில் விழிப்புக்குப் பெரிய மரியாதை. விழித்திருப்பவர் தவசி. ஆகவே மாசிலாமணியும் தவசி ஆகிவிட்டார். சன்னிதிக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார்கள். மாலைகூடப் போட்டார்கள். முதலில் போட்டது உலகநாதர்தான்.

“அவரையே கேட்டுடலாமே,” என்று அம்மையார் எழுந்தார்.

மாசிலாமணி முற்றத்துத் தூணில் சாய்ந்திருந்தார். மாலை கழுத்திலேயே வாடிக் கிடந்தது.

“தவம் எப்படி நடக்குது ஐயா?”

“தவமா?” அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “பயம்மா. கண்ணை மூடினா சக்கரம் வருது. அதான் மூடறதில்லை. இவங்க கும்பிடறாங்க. வேண்டாம்னு சொல்லக்கூடத் தெம்பில்லை.”

உலகநாதர் வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் விறகு வண்டி திரும்பியது. அச்சு கிறீச்சிட்டது.

மாசிலாமணி பாய்ந்தார். ஓடிப்போய் வண்டிச் சக்கரத்தின் கீழ் கையைக் கொடுத்தார். கட்டை இல்லை. வெறும் கை.

வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்ததில் கை பிழைத்தது.

“யோவ், பைத்தியமா உனக்கு?” என்று கத்தினார் அவர். ஆள் யாரென்று பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாசிலாமணியை உலகநாதர்தான் தூக்கி உட்காரவைத்தார்.  மாலையை மெல்லக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“இப்படியே விட்டா என்னம்மா ஆகும்?”

“ஆயுசுக்கும் அந்தத் தேரடியிலேயே நிப்பார். பயம் இப்ப பச்சை மண்சுவரா இருக்கு. காயறதுக்குள்ள கை வைக்கணும்.”

“ஜபம் ஏதாவது சொல்லிக் கொடுங்களேன்.”

“முதல்ல தூக்கம். மத்ததெல்லாம் அது வந்தப்புறம்.”

அம்மையார் மாசிலாமணியின் பாயைச் சுருட்டி உலகநாதர் கையில் கொடுத்துவிட்டு, மாசிலாமணி பக்கம் திரும்பினார்.

“ஐயா, கண் சொருகினா மட்டும் இவர்கிட்ட வந்து பாயைக் கேளுங்க. படுத்துப் புரண்டுக்கிட்டே இருந்தா, எழுந்து வந்து திருப்பிக் கொடுத்துடுங்க. பாயில கிடந்து பயப்பட வேண்டாம். பயப்படறதுக்கு மடத்துல வேற இடமா இல்லை?”

“அப்ப நான் எப்ப தூங்கறது?” என்றார் உலகநாதர்.

“விழிச்சிருக்கறதுன்னா உங்களுக்கு உசிராச்சே.”

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின், நல்ல வெயிலில், கனவைச் சொல்லச் சொன்னார் அம்மையார். மாசிலாமணி சொன்னார். சொல்லும்போதே வியர்வையில் துண்டு நனைந்தது.

“சரி. எங்கே மாத்தலாம்?”

“மாத்தறதா?”

“உங்க கனவுதானே? யாரைக் கேட்கணும்?”

மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தோணி எழுந்துக்கணும். எழுந்து, இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, ‘கட்டை கொடுக்கற லட்சணமாய்யா இது?’ன்னு என்னை வையணும். உசிரோட இருந்தப்ப எப்பவும் வைவான்.”

“வையட்டும். நாளைக்கும் இதையே சொல்லுங்க. நாளன்னிக்கும்.”

உலகநாதருக்குப் பொறுக்கவில்லை. “செத்தவனை எழுப்பி உட்காரவைக்கறது பொய் இல்லையாம்மா?”

“அவன் செத்தது இவருக்குத் தெரியும். கனவுக்குத்தான் தெரியலை. அது தினமும் புதுசாக் கொல்லுது.”

பாய் போனது. வந்தது. சில சமயம், கொடுத்த சூடு ஆறும் முன்பே வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகச் சுருட்டி, இரண்டு கையாலும் நீட்டினார் மாசிலாமணி.

“என்னால உங்களுக்கும் தொந்தரவு.”

“சும்மா படுத்துக் கிடந்தாத்தான் என்னய்யா!” என்று ஒருமுறை வெடித்துவிட்டார் உலகநாதர்.

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. தூக்கமில்லாமல் அவர் கண்ணும் மிளகாய்த் தூள் தூவியதுபோல் எரிந்தது. காலையில் பூவுக்குப் பதில் தீர்த்தச் சொம்பை எடுத்து நீட்டினார். பல்லி சத்தமிட்டால் திடுக்கிட்டார். இதைப் போய்த் தவம் என்று மாலை போட்டோமே என்று நினைத்தார்.

ஆனால் வேறொன்றும் அவர் கண்ணில் பட்டது. பாயில் என்ன காத்திருக்கிறதென்று மாசிலாமணிக்குத் தெரியும். தெரிந்தும், கண் சொருகியதும், மறுபடி வந்து கேட்டார். தேர்ச் சக்கரத்தின் முன் குனிகிற ஆள் அல்லவா! இந்த ஆளைக் கும்பிடலாம் என்று தோன்றியது. கும்பிடவில்லை. பாயைத் தட்டி உதறிக் கொடுத்தார்.

ஒரு விடியலில் மாசிலாமணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தோணி வந்தான்.”

“வைதானா?”

“நல்லா வைதான். என் அப்பாவையும் சேர்த்து வைதான்.”

“சக்கரம்?”

“அதுவும் வந்தது. ஆனா மெதுவா.”

சொல்லிவிட்டு அழுதார். இத்தனை நாளில் அதுதான் முதல் அழுகை. உலகநாதர் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பாய் கொஞ்சம் தாமதித்துத் திரும்பியது. பிறகு இன்னும் தாமதித்து.

குருபூஜை வந்தது. முந்தின இரவு பாயை வாங்கிப் போன மாசிலாமணி திரும்பி வரவில்லை. உலகநாதர் உட்கார்ந்தே இருந்தார். வானம் வெளுத்தது. மனசு கேட்காமல் போய் எட்டிப் பார்த்தார்.

சன்னிதியை ஒட்டிய கூடத்தில், கன்னத்தடியில் கையை வைத்து, ஒருக்களித்துக் கிடந்தார் மாசிலாமணி. விலா ஏறி இறங்கியது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

உலகநாதர் மூச்சு விடவே பயந்தார்.

வாசலில் காலடிச் சத்தம். திருப்பள்ளியெழுச்சி வாசிக்க நாகஸ்வரக்காரர் கோவிந்தசாமி தன் ஆட்களோடு வந்துவிட்டார். தவில்காரர் வாரைத் தோளில் மாட்டினார். கோவிந்தசாமி சீவாளியை ஈரப்படுத்தி உதட்டில் வைத்தார்.

உலகநாதர் ஓடினார். நாகஸ்வரத்தின் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.

“என்னய்யா இது?” கோவிந்தசாமி திகைத்துப்போனார். “வாசிக்க வேண்டாமா?”

“இப்ப வேண்டாம்.”

“குருபூஜையும் அதுவுமா! நாங்க வாசிச்சுத்தானே சுவாமியை எழுப்பறது? இந்த மடத்துல ஒருநாள்கூட இது நின்னதில்லையே.”

கூடியிருந்த சீடர்கள் அம்மையாரைப் பார்த்தார்கள். அவர் சத்தம் எழாதபடி தன் மிதியடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உலகநாதர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தபடி நின்றார்.

உலகநாதர் குரலைத் தாழ்த்தினார்.

“சுவாமி தினமும் தூங்கறவர். அதோட அருமை அவருக்குத் தெரியும்.”